புளூம் தொடங்காத உடற்பயிற்சி

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலை வாசித்து முடித்தவர்களைவிட வாசிக்கத் தொடங்கியவர்களே அதிகம் என்று ஒரு பழைய கேலி உண்டு. பாதியில் நிறுத்தியவர்களும் லியோபோல்ட் புளூம் காலையுணவுக்காகச் சிறுநீரகம் வாங்கிவரும் இடத்தையாவது கடந்திருப்பார்கள். 1904 ஜூன் 16, டப்ளின் நகரம். இறைச்சிக்கடையிலிருந்து திரும்பும் வழியில் மேகம் ஒன்று சூரியனை மறைக்கிறது. உயிரற்ற பாழ்நிலம் ஒன்றின் காட்சி புளூமின் மனத்தில் எழுகிறது. உடல் சில்லிடுகிறது. விடிந்தும் விடியாததுமாக வரும் கெட்ட நினைவுகள்தாம் இவை என்று தன்னைத் தேற்றிக்கொள்ளும் அவர், விட்டுப்போன சாண்டோ பயிற்சிகளை மீண்டும் தொடங்கவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்.

அன்று முழுவதும் ஊரைச் சுற்றுகிறார், பயிற்சி தொடங்கப்படவில்லை. (அன்று அவர் நடந்த தூரத்துக்குத் தனியாகப் பயிற்சியே தேவையில்லை என்பது வேறு விஷயம்.) நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பும்போது, யூஜின் சாண்டோவின் புத்தகம் அவருடைய அலமாரியில் இருப்பதை ஜாய்ஸ் காட்டுகிறார். முன்பு இரண்டு மாதம் பயிற்சி செய்தபோது எடுத்த மார்பளவும் புயத்தளவும்கூடக் குறித்து வைக்கப்பட்டிருக்கின்றன. உட்கார்ந்தே வேலை பார்க்கும் வணிகர்களுக்கென்று வகுக்கப்பட்ட அப்பயிற்சியைக் கண்ணாடியின் முன் நின்று மன ஒருமையோடு செய்யவேண்டும் என்ற விவரத்தையும் ஜாய்ஸ் விட்டுவிடவில்லை.

புத்தகம் இருக்கிறது, அறிவு இருக்கிறது, ஆசை இருக்கிறது, முன்பு செய்து பலன் கண்ட சான்றுகூட இருக்கிறது. ஆனாலும் உடல் எழுவதில்லை. நவீன இலக்கியத்தில் இந்த மனிதனை இவ்வளவு துல்லியமாக எழுதியவர் ஜாய்ஸுக்கு முன் யாரும் இல்லை என்று நினைக்கிறேன். இவனை எழுப்புவதற்காக, மனத்துக்கென்றே வகுக்கப்பட்ட பயிற்சிகளின் வரலாறு ஒன்று இருக்கிறது. அது நாம் நினைப்பதைவிடப் பழையது. நாம் நினைப்பதைவிடக் குழப்பமானதும்கூட.

சாண்டோவிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1867-இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் முல்லர் என்ற பெயரில் பிறந்து, மேடைகளில் பளுதூக்கிப் புகழ்பெற்று, 1897-இல் லண்டனில் உடற்பயிற்சிக்கூடம் திறந்தவர். அதே ஆண்டு வெளியான அவருடைய நூலின் தலைப்பைத்தான் ஜாய்ஸ் சற்று மாற்றிப் புளூமின் அலமாரியில் வைக்கிறார். மற்ற பயில்வான்களிடமிருந்து சாண்டோவைப் பிரிப்பது ஒரே ஒரு கருத்து. எடை முக்கியமில்லை, இலேசான டம்பெல் போதும். ஆனால் கை மடங்கும்போது மனம் அந்தத் தசையிலேயே இருக்கவேண்டும் என்றார் அவர். இதற்காகவே ஒரு டம்பெல்லையும் விற்றார். அது நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நடுவே விற்சுருள்கள் வைக்கப்பட்டது. இறுக்கிப் பிடித்தால்தான் இரு பாதிகளும் சேர்ந்திருக்கும். கவனம் சிதறினால் பிடி தளரும், டம்பெல் விரிந்துகொள்ளும். மனம் அலைபாய்வதைக் கையே காட்டிக்கொடுக்கும் கருவி. சரியான வியாபாரி!

1904-05 வாக்கில் சாண்டோ இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். இங்கே தழைத்த உடற்பயிற்சி இயக்கத்தில் அவருடைய சாயல் அழுத்தமாக உண்டு. பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக்கூடத்தை நடத்திய கே.வி. ஐயர் அந்த மரபில் வந்தவர். ‘சாந்தலா’, ‘ரூபதர்சி’ ஆகிய கன்னட நாவல்களை எழுதியவரும் அவரேதான் என்பது இலக்கிய வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். தசையையும் கற்பனையையும் ஒரே மனிதர் கட்டி வளர்த்திருக்கிறார்.

சாண்டோவிடம் ஒரு சிக்கல் இருந்தது. தசையில் மனத்தை வை என்ற அவர், கண்ணாடியையும் எதிரில் வைத்தார். தம் புகைப்படங்களையும் உலகெங்கும் பரப்பினார். செய்யும் செயலில் மனம் இருக்கவேண்டுமா, செய்து முடித்தபின் கிடைக்கப்போகும் உருவத்தில் இருக்கவேண்டுமா என்ற கேள்வியை அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த இரண்டும் ஒன்றல்ல, சில சமயம் ஒன்றுக்கொன்று பகை என்று தெரிய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

அதே காலகட்டத்தில் அறிவியல் வேறொரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. 1833-இல் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல் ஒரு சோதனையைப் பற்றித் தம் நண்பர் ஆம்பியருக்குக் கடிதமாக எழுதினார். நூலில் கட்டித் தொங்கவிட்ட பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு அது ஆடுவதாக நினைத்தால், ஆட்டவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் அது ஆடத் தொடங்குகிறது. இதை எவரும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு மோதிரமும் ஒரு முழம் நூலும் போதும். ஆவிகள் மேசையை நகர்த்துகின்றன என்று ஐரோப்பா நம்பத் தொடங்கியிருந்த நாட்களில், 1852-இல், ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கார்பென்டர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். எண்ணமே இயக்கமாகும் இந்த விளைவை ‘ஐடியோமோட்டர்’ என்றார். ஓர் அசைவை மனத்தில் தெளிவாகக் கண்டால், உடல் அதை நோக்கிச் சற்றே சாய்ந்துவிடுகிறது.

இந்தக் கருத்துக்கு இலக்கியத் தகுதி கொடுத்தவர் வில்லியம் ஜேம்ஸ். அவருடைய ‘உளவியலின் கோட்பாடுகள்’ 1890-இல் வெளிவந்தது. மனவுறுதி பற்றிய அத்தியாயத்தில், பெரிய வீரச்செயல் எதையும் அவர் எடுத்துக்காட்டாகக் கொள்ளவில்லை. கணப்பு இல்லாத அறையில், உறையும் குளிர்காலக் காலையில், போர்வைக்குள்ளிருந்து எழமுடியாமல் கிடக்கும் ஒருவனைக் கொண்டுவருகிறார். எழவேண்டும் என்று தெரியும், கடமைகள் காத்திருக்கின்றன, தன்னைத் தானே திட்டிக்கொள்கிறான், உறுதி பூணுகிறான், எதுவும் நடப்பதில்லை. பிறகு எப்படித்தான் எழுகிறோம்? போராடி வென்று எழுவதில்லை என்கிறார் ஜேம்ஸ். அன்றைய நாளின் வேலைகளைப் பற்றிய ஏதோ ஒரு மனோராஜ்யத்தில் ஆழ்கிறோம். குளிரும் கதகதப்பும் ஒரு கணம் மறந்துபோகின்றன. அந்தக் கணத்தில் எழும் எண்ணத்தை மறுத்துப் பேச மனத்தில் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தால் எழுந்து நின்றுகொண்டிருக்கிறோம்.

இந்தப் பகுதியின் முக்கியத்துவத்தை எவ்வளவு சொன்னாலும் தகும். உடல் அசைவதற்கு முன் மனத்துக்குள் ஒரு பட்டிமன்றம் நடந்து தீர்ப்பு வரவேண்டும் என்றுதான் நம் ஒழுக்க நூல்கள் எல்லாம் எண்ணின. சோம்பலை ஒரு குணக்கேடாகப் பார்த்ததும் அதனால்தான். ஜேம்ஸ் அதைக் குணத்தின் தளத்திலிருந்து எடுத்து, எந்தக் காட்சி அந்தக் கணத்தில் மனத்தை நிறைத்திருக்கிறது என்ற தளத்தில் வைத்தார். சோம்பேறி என்று ஒருவரைப் பழிப்பதற்கும் அவருக்கு உதவுவதற்கும் இடையிலான தூரம் இங்கேதான் குறைகிறது.

பிரான்சின் நான்சி நகரில் எமில் கூவே என்ற மருந்துக்கடைக்காரர் இதைக் கூட்டங்கூட்டமாக மக்களுக்குக் கொண்டுசேர்த்தார். மனவுறுதியும் கற்பனையும் மோதினால் எப்போதும் வெல்வது கற்பனையே என்பது அவர் கட்சி. தரையில் கிடக்கும் பலகைமீது யாரும் நடந்துவிடுவார்கள். அதே பலகையை இரு கோபுரங்களுக்கிடையே வைத்தால் கால் நடுங்கும், ஏனெனில் விழுவதை மனம் பார்த்துவிடுகிறது. அருமையான உதாரணம். ஆனால் அங்கிருந்து கூவே போய்ச்சேர்ந்த இடம் ஒரு மந்திரம். நாளுக்கு நாள் தான் மேம்பட்டு வருவதாக, இருபது முடிச்சுப் போட்ட கயிற்றைக் கையில் உருட்டியபடி, காலையும் இரவும் இருபது முறை சொல்லிக்கொள்ளவேண்டும். எந்த வழியில், எதைச் செய்து என்பதெல்லாம் அதில் இல்லை. 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் இந்த முணுமுணுப்பில் மயங்கின. பிற்காலத்தில் நேர்மறைச் சிந்தனை என்ற பெயரில் விமான நிலையப் புத்தகக்கடைகளை நிறைத்த நூல்களுக்கெல்லாம் கூவேயும் ஒரு பாட்டனார்.

அதற்குள் கல்விப்புல உளவியல் கற்பனையையே நாடுகடத்தியிருந்தது. 1913-இல் ஜான் வாட்சன் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, வெளியே அளக்கக்கூடிய நடத்தை மட்டுமே ஆய்வுக்குரியது, மனத்துள் தோன்றும் காட்சிகளைப் பற்றிப் பேசுவது அறிவியலுக்கு இழுக்கு என்ற நிலை உருவாயிற்று. அந்த வறண்ட காலத்தில், சிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் மட்டும் கற்பனையை வெளியிலிருந்தே அளந்துவிட்டார். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் செய்த சோதனை எளியது. கண்ணை மூடிப் படுத்திருப்பவரின் கைத்தசையில் மின்வாய் பொருத்துவார். கையை மடக்குவதாக நினைக்கச் சொல்வார். கை அசையாது, ஆனால் தசையில் நுண்ணிய மின்னோட்டம் எழும். நினைப்பதை நிறுத்தினால் அதுவும் நிற்கும். ஜேக்கப்சனின் நோக்கம் என்னவோ மனிதர்களை ஓய்வுகொள்ள வைப்பதுதான். படிப்படியான தசைத்தளர்த்தல் முறை அவருடைய கொடை. மனிதர்களை எழுப்பி ஓடவைக்க விரும்பியவர்கள் அவர் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டார்கள்.

விளையாட்டுலகம் எடுத்துக்கொண்ட கதை பலருக்குத் தெரிந்ததே. ரிச்சர்ட் சுயின் என்ற உளவியலாளர் 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்குக்குச் செல்லும் அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர்களுக்கு, முதலில் உடலைத் தளர்த்தி, பின் சறுக்குப்பாதையை வளைவு வளைவாக மனத்தில் கடந்துவரும் பயிற்சியை அளித்தார். அயோவா பல்கலைக்கழகத்தில் குவாங் யூவும் கெல்லி கோலும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விசித்திரமானது. சுண்டுவிரலை விரிக்கும் தசையை நான்கு வாரம் உண்மையாகவே இயக்கிப் பழகியவர்களின் வலு 30 விழுக்காடு கூடியது. இயக்குவதாகக் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கு 22 விழுக்காடு கூடியது. அவர்களின் தசை பெருத்ததால் அல்ல, தசைக்கு ஆணையிடும் நரம்பு மண்டலம் பழகிக்கொண்டதால். இதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடியே உடலை வளர்க்கலாம் என்று பத்திரிகைகள் எழுதின. சுண்டுவிரலை நெஞ்சாங்குலையோடு குழப்பிக்கொள்பவர்களுக்கு என்ன சொல்வது?

ஒலிம்பிக் வீரரின் சிக்கல் வேறு, புளூமின் சிக்கல் வேறு. வீரர் ஏற்கெனவே மலையுச்சியில் நிற்கிறார்; அவருக்கு வேண்டியது திறமை. புளூமுக்கு வேண்டியது தொடக்கம். தொடக்கத்துக்கு எந்தக் காட்சி உதவும் என்ற கேள்வியைச் சோதித்தபோதுதான் கூவேயின் கோபுரம் சரிந்தது.

1991-இல் கேப்ரியேல் ஓட்டிங்கன், தாமஸ் வாடன் என்ற இரு ஆய்வாளர்கள், எடை குறைக்கும் திட்டமொன்றில் சேர்ந்த 25 பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். என்னால் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் அதிக எடை குறைத்தார்கள். இது எவரும் ஊகிக்கக்கூடியதே. ஆனால் மெலிந்த உடலோடு தோழியின் முன் நிற்பதை மிக இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே எடை குறைத்தார்கள். எதிர்பார்ப்பு வேறு, பகற்கனவு வேறு. இருபது ஆண்டுகள் கழித்து, 2011-இல், ஹெதர் காப்பஸும் ஓட்டிங்கனும் இதன் உடலியல் பக்கத்தைத் தொட்டார்கள். விரும்பிய எதிர்காலத்தை இன்பமாகக் கற்பனை செய்பவரின் ரத்த அழுத்தம் இறங்குகிறது. போய்ச் சேர்ந்துவிட்டது போலவே உடல் தளர்ந்துவிடுகிறது. புறப்படுவதற்கான விசையைக் கனவு செலவழித்துவிடுகிறது.

மறுபக்கமும் தெளிவாயிற்று. லியென் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் ஒரு சாரார் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற காட்சியைத் தினமும் கண்டார்கள். இன்னொரு சாரார் தாங்கள் எங்கே, எப்படி அமர்ந்து படிக்கப்போகிறோம் என்ற காட்சியைக் கண்டார்கள். இரண்டாமவர்களே நன்றாகத் தேறினார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் பூசலார் நாயனார் நினைவுக்கு வராமல் போகமாட்டார். திருநின்றவூரில் கையில் பொருளில்லாத அவர் மனத்திலேயே கோயில் கட்டினார். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ மன்னனின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, இறைவன் இவர் கோயிலுக்குப் போனான். பக்தியின் பெருமையாகவே இக்கதையைப் படித்துப் பழகியிருக்கிறோம். அதைச் சேக்கிழார் சொல்லும் முறையைக் கவனியுங்கள். பூசலார் முடிந்த கோயிலைக் கற்பனை செய்து மகிழ்வதில்லை. பொருள் தேடுகிறார், தச்சர்களை அழைக்கிறார், நாள் பார்க்கிறார், அடித்தளம் இடுகிறார், இரவிலும் கண்மூடாமல் வேலை நடக்கிறது, விமானத்தில் சுதை வேலை, கிணறு, மதில், குளம் என்று ஒவ்வொன்றாக, நாட்கணக்கில். மனக்கோட்டை கட்டுவது என்று நாம் இளக்காரமாகச் சொல்வதும், பூசலார் மனத்தில் கட்டியதும் ஒன்றல்ல. ஒன்றில் வழியே இல்லை, கோட்டை மட்டும் இருக்கிறது. மற்றதில் ஒவ்வொரு கல்லும் தூக்கி வைக்கப்படுகிறது. பூசலாருக்கு அது மனத்திலேயே நிறைந்தது. நம் காலத்துப் பயிற்சிகளுக்கு அது காலில் வந்து முடியவேண்டும் என்பது மட்டும்தான் வேறுபாடு.

காலில் கொண்டுவந்து முடிக்கும் வித்தையை மிகச் சுருக்கமாகக் காட்டியது 2002-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு. சாரா மில்ன், ஷீனா ஆர்பெல், பாஸ்கல் ஷீரன் மூவரும் மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வரும் வாரத்தில் ஒரே ஒரு முறை 20 நிமிடம் கடுமையாக உடற்பயிற்சி செய்யவேண்டும், கேட்டது அவ்வளவுதான். ஒன்றும் சொல்லப்படாத குழுவில் 38 விழுக்காட்டினர் செய்தார்கள். இதயநோயின் ஆபத்தையும் பயிற்சியின் நன்மையையும் விளக்கும் பிரசுரத்தைப் படித்த குழுவில் 35 விழுக்காட்டினர். பிரசுரத்தோடு, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் செய்யப்போகிறேன் என்று எழுதிக்கொடுத்த குழுவில் 91 விழுக்காட்டினர்! அரசுகள் அச்சிட்டுக் குவிக்கும் ஆரோக்கியப் பிரசுரங்களை நினைத்தால் அந்த 35 என்ற எண் வேதனையானது. அறிவுரை மட்டும் யாரையும் நாற்காலியிலிருந்து எழுப்பவில்லை.

கற்பனையையும் இந்தத் திட்டமிடலையும் இணைத்து, இன்னொருவர் வழிநடத்தும் ஒரு பயிற்சியாக ஆக்கியவர்கள் இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி ஆண்ட்ரேடும் ஜான் மேயும், ஆஸ்திரேலியாவின் டேவிட் கவானாவும். இவர்கள் முதலில் ஆராய்ந்தது ஆசையை. இனிப்பின்மீதோ மதுவின்மீதோ எழும் தாகம் சொல்லால் ஆனதல்ல, புலன்களால் ஆனது, நாவும் மூக்கும் கண்ணும் சேர்ந்து வரையும் படம் அது என்று 2005-இல் எழுதினார்கள். அப்படியென்றால் நடைக்கும் ஓட்டத்துக்கும் அதே தாகத்தை ஏன் உண்டாக்கக் கூடாது? பகையாளியின் ஆயுதத்தையே பறித்துக்கொள்வது போன்ற யோசனை.

பயிற்சி ஓர் எலுமிச்சம்பழத்தில் தொடங்குகிறது. பழத்தைப் பாருங்கள், தொட்டு உணருங்கள், பிழியுங்கள், சாற்றைக் குடியுங்கள், ஒரு துளி கண்ணில் தெறிக்கிறது. முகம் தானாகச் சுளிக்கிறது. உள்ளே காண்பது உடலைத் தொடுகிறது என்று வந்தவருக்கு விளங்கிவிடுகிறது. பிறகு அவருடைய வாழ்க்கைக்கு வருகிறார்கள். ஏன் நடப்பதில்லை என்ற கேள்வி எழுப்பப்படுவதில்லை. முன்பு எப்போதாவது இதுபோல ஒன்றைச் செய்திருக்கிறீர்களா, அப்போது எப்படி இருந்தது, நாளை என்றால் எப்போது கிளம்புவீர்கள், கதவைத் திறக்கும்போது முகத்தில் என்ன படும், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கேட்டு அவரையே படத்தை வரையவைக்கிறார்கள். வழிநடத்துபவர் தம் படத்தைத் திணிப்பதில்லை. அதைவிட முக்கியமானது, அந்தக் காட்சியை அன்றாடம் செய்யும் ஏதோ ஒரு சிறுவேலையோடு முடிந்துவைப்பது. அந்த வேலை வரும்போதெல்லாம் காட்சியும் வரும். பூட்டும் சாவியும் போல.

லிண்டா சோல்பிரிக் முதன்மை ஆய்வாளராக இருந்து நடத்திய சோதனையின் முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. எடை குறைக்க விரும்பிய 141 பேர். ஒரு பகுதியினருக்கு இந்தக் கற்பனைப் பயிற்சி. மற்றவர்களுக்குப் பரிவோடு பேசி ஊக்கத்தை வெளிக்கொணரும், ஏற்கெனவே பெயர்பெற்ற உரையாடல் முறை. இரண்டுக்கும் செலவான நேரம் ஒன்றே, அதிகபட்சம் நான்கு மணிநேரம். உணவுப் பட்டியலோ பயிற்சி அட்டவணையோ யாருக்கும் தரப்படவில்லை. ஆறு மாதத்தில் கற்பனைக் குழுவினர் சராசரியாக 4.11 கிலோ குறைந்தார்கள், பேச்சுக் குழுவினர் 0.74 கிலோ. ஓராண்டு முடிவில் 6.44 கிலோவும் 0.67 கிலோவும். பயிற்சி நின்ற பின்னும் முதல் குழுவில் எடை இறங்கிக்கொண்டே இருந்தது என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் மாறவேண்டும் என்று விரும்பியே வந்தவர்கள், அளக்கப்பட்டது எடையே தவிர அவர்கள் நடந்த தூரம் அல்ல என்பவற்றை மறந்துவிடக் கூடாது. கதவைத் திறந்து வெளியே வந்தவருக்கு நடைபாதை இருக்கிறதா என்பதையும் எந்த மனப்பயிற்சியும் தீர்மானிக்காது.

இன்னொரு எல்லை மனத்துக்குள்ளேயே இருக்கிறது. 1880-இல் பிரான்சிஸ் கால்டன் தமக்குத் தெரிந்த அறிவியலாளர்களுக்கு ஒரு வினாப்பட்டியல் அனுப்பினார். இன்று காலை நீங்கள் அமர்ந்த உணவுமேசையை நினைத்துப் பாருங்கள், காட்சி தெளிவாக இருக்கிறதா, நிறங்கள் தெரிகின்றனவா என்று கேட்டார். அவர்களில் பலருடைய பதில் அவரைத் திகைக்கவைத்தது. மனக்கண் என்பதைச் சும்மா ஓர் அலங்காரச் சொல் என்றே அவர்கள் அதுவரை எண்ணியிருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. இந்த நிலைக்கு ‘அஃபான்டேசியா’ என்ற பெயரை நரம்பியலாளர் ஆடம் ஜீமன் குழுவினர் சூட்டியது 2015-இல். கண்ணை மூடி உங்களையே பாருங்கள் என்று வழிநடத்துபவர் மென்குரலில் சொல்லும்போது, அந்த அறையில் ஒருவர் வெறும் இருட்டைப் பார்த்துக்கொண்டு மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கலாம். அவரிடம் எலுமிச்சம்பழத்தைப் பற்றிப் பேசுவதைவிட, மில்ன் குழுவினர் மாணவர்களிடம் கொடுத்ததைப் போல ஒரு தாளைக் கொடுத்து, நாளையும் நேரத்தையும் இடத்தையும் எழுதச் சொல்வது பயன்படக்கூடும்.